எம்21 என்றால் கியர்பாக்ஸா, கூரை ஓரத்துப் பட்டையா? பழைய காரின் ரகசியத் தாளைப் படிப்பது எப்படி

[திரையில் பெரிதாக: எம்21]

ஒரு எழுத்து, இரண்டு எண். காரில் எந்தப் பாகத்தை மாட்டுவது என்று கம்பெனி வைத்த குறியீடு, சுருக்கமாகக் கோடு. 1969 ஷெவர்லே கமாரோவின் தாளில் இதைப் பார்த்தால் துள்ளிக் குதிக்கலாம், ஏனென்றால் அங்கே அது கியர்களுக்கு நடுவே இடைவெளியைக் குறைத்துச் செய்த நாலு கியர் மேனுவல் பெட்டி, பந்தயக் கிறுக்கு பிடித்தவர்கள் கேட்டு வாங்கியது. அதே எம்21-ஐ 1970 பிளிமத் பராகுடாவின் தகட்டில் பார்த்துத் துள்ளினீர்கள் என்றால், மன்னிக்கவும், நீங்கள் துள்ளியது கதவுக்கு மேலே மழைத்தண்ணீர் வழிந்தோடும் விளிம்பில் வைத்த ஒரு பளபளப்புப் பட்டைக்காக. தகரப் பட்டை. அவ்வளவுதான்.

ஆகவே "கோடு லிஸ்ட் டவுன்லோட் பண்ணிட்டேன், இனி நான் எக்ஸ்பர்ட்" என்று கிளம்புகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள். எந்தக் கம்பெனி, எந்த வருடம் என்று தெரியாமல் கோடுக்கு அர்த்தமே கிடையாது. இன்றைக்கு இதைத்தான் பிரித்து மேயப் போகிறோம். பாதியில் ஓடிவிடாதீர்கள், கடைசியில் ஒரு போலித் தகடு வைத்திருக்கிறேன், அதில் தப்பு கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்.

வரலாறு கேட்பவர்களுக்கு முப்பது வினாடி. 1960-களின் அமெரிக்கத் தொழிற்சாலையில் ஒரே மாடல் காருக்குப் பல எஞ்சின், பல கியர்பெட்டி, பல நிறம், பல சீட். அடுத்தடுத்து வரும் இரண்டு கார் ஒரே மாதிரி இருக்காது. இந்தக் காருக்கு எதை மாட்டுவது என்று லைனில் நிற்கும் தொழிலாளிக்குத் தெரிய வேண்டும், அதற்காக அடித்த தாள்தான் பில்ட் ஷீட், பிளிமத், டாட்ஜ் கார்களைச் செய்த கிரைஸ்லர்காரர்கள் மொழியில் பிராட்காஸ்ட் ஷீட். வாங்குகிறவர் கையில் கொடுக்க அடித்ததே இல்லை. வரலாறு முடிந்தது.

[திரையில்: சீட் ஸ்பிரிங்குக்குள் மடங்கிய தாள்]

வேலை முடிந்ததும் அந்தத் தாள் குப்பைதான். ஆனால் குப்பைத்தொட்டி வரைக்கும் யார் நடப்பது? பின் சீட்டின் ஸ்பிரிங்குக்குள் செருகிவிட்டார்கள், கார்ப்பெட்டுக்கு அடியில் விட்டுவிட்டார்கள், கிளவ் பாக்ஸுக்கு மேலே திணித்துவிட்டார்கள். ஷெவர்லே ஷெவெல் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் டேங்கைக் கழற்றி அதன் தலைமேல் தேடுவார்கள். 1967-இலிருந்து வந்த கார்வெட்டில் டேங்கின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். ஐம்பது வருடம் கழித்து அந்தத் தாளை எடுக்கும்போது ஸ்பிரிங் இருந்த இடத்தில் எல்லாம் துரு வட்டம் வட்டமாக முத்திரை குத்தியிருக்கும், மடிப்பில் கிழிந்திருக்கும், ஒரு ஓரத்தை எலி தன் பங்குக்கு எடுத்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் கையில் வருவது அப்பளத்தூள். சீட்டை முழுக்கக் கழற்றி, ஸ்பிரிங்கை விலக்கி, முதலில் இருந்த நிலையிலேயே போட்டோ எடுத்துவிட்டு, அப்புறம்தான் தொட வேண்டும்.

எடுத்ததும் எஞ்சின் கோடைத் தேடாதீர்கள்! கார் எண்ணைத் தேடுங்கள், நம்பர் பிளேட் எண் இல்லை, தொழிற்சாலை ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகக் கொடுத்த எண். சீட்டுகள் தனியாகத் தயாராகி வந்து லைனில் சேர்ந்ததால், பக்கத்துக் காரின் தாள் உங்கள் சீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கிற கதை. சீட்டுக்குள் கிடைத்த தாளில் பெரிய எஞ்சின் என்று இருக்கும், கார் எண்ணை ஒத்துப் பார்த்தால் அது யாரோ ஒருவருடைய கார். கல்யாண மண்டபத்தில் செருப்பு மாறிப்போன மாதிரிதான், உங்களுக்குக் கிடைத்தது நல்ல செருப்பாகவே இருந்தாலும் அது உங்களுடையது இல்லை.

தாள் கிடைக்கவே இல்லையா? கிரைஸ்லர் வண்டி என்றால் பானெட்டைத் திறந்தால் உள் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதுதான் ஃபெண்டர் டேக். ஃபோர்டு என்றால் 1967-இலிருந்து தயாரிப்புத் தரவே கெவின் மார்ட்டி என்பவரிடம் இருக்கிறது, பணம் கட்டினால் மார்ட்டி ரிப்போர்ட் என்று அச்சடித்துத் தருவார். பாண்டியாக் ஆட்களுக்கு பி.எச்.எஸ். என்ற அமைப்பு இருக்கிறது, பில் நகல் கிடைக்கும். ஷெவர்லே ஆட்களே, உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எஞ்சினுக்குப் பின்சுவரில் இருக்கும் தகட்டில் பாடி, நிறம், உள் அலங்காரம், தேதி, பெரும்பாலும் அதோடு சரி. தேதி 04சி என்று இருந்தால் ஏப்ரல் மாதம் மூன்றாவது வாரம். எழுத்து வாரத்துக்கு.

சரி, ஃபெண்டர் டேக்கைப் படிப்போம்.

[திரையில் மாதிரித் தகட்டின் கடைசி வரி: ஈ74 டி32 பிஎஸ்23 ஆர்0பி, பின்னால் வரிசை எண்]

இது நானே தட்டச்சு செய்த மாதிரி, யாருடைய காரும் இல்லை. முதல் விஷயம், இதைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். இடமிருந்து வலமாக ஒரு வரி, அப்புறம் அதற்கு மேல் வரி. ஏன் அப்படி என்று கேட்காதீர்கள், கட்டடம் கட்டுகிற மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈ74 என்றால் 426 கன அங்குல ஹெமி எஞ்சின், அதாவது எரியும் அறை அரைக்கோள வடிவில் இருக்கும் எஞ்சின். டி32 என்றால் ஆட்டோமேட்டிக், டி21 இருந்தால் நாலு கியர் மேனுவல். பிஎஸ்23-இலிருந்து கார் எண் ஆரம்பம், அதில் பி பராகுடா, எஸ் அதிலேயே உயர்ந்த ரகமான குடா, 23 இரண்டு கதவு ஹார்ட்டாப். 27 என்றால் மேலே துணிக் கூரை மடங்கும் கன்வர்ட்டிபிள். அடுத்து வரும் ஆர் என்ற எழுத்து மறுபடியும் ஹெமியைத்தான் சொல்கிறது, பூஜ்யம் 1970, பி மிச்சிகனில் இருந்த ஹாம்ட்ராம்க் தொழிற்சாலை. கவனித்தீர்களா, எஞ்சினை ஒரே வரியில் இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள். ஈ74-ம் ஆர்-ம் ஒன்றுக்கொன்று சாட்சி. இதை மனதில் வையுங்கள், கடைசியில் வேண்டும்.

அதற்கு மேல் வரியில் நிறம், உள் அலங்காரம், தேதி. எஃப்சி7 என்று இருந்தால் அது ஊதா, ஆனால் அதே ஊதாவை பிளிமத் ஒரு பெயரில் விற்றது, டாட்ஜ் வேறொரு பெயரில், பிளம் கிரேஸி என்று விற்றது. டப்பா ஒன்று, லேபிள் இரண்டு. தேதியில் ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. அக்டோபருக்கு ஏ, நவம்பருக்கு பி, டிசம்பருக்கு சி. ஆகவே பி12 என்பது நவம்பர் 12, விட்டமின் இல்லை. மேல் வரிகளில் கன்சோல், ரேடியோ, நம்ம தகரப் பட்டை எம்21 எல்லாம் அகர வரிசையில் வந்து, கடைசியில் எண்ட் என்று முடியும்.

இப்போது நான் இந்த வீடியோவையே எடுத்ததற்கான காரணம். இல்லாத பொருளுக்கும் கோடு உண்டு!

[திரையில்: 1967 கார்வெட், விலைப்பட்டியல்]

1967 கார்வெட்டில் எல்71 என்று ஒரு எஞ்சின் ஆப்ஷன். 427 கன அங்குலம், 435 குதிரைசக்தி, கூடுதல் விலை 437 டாலர் 10 சென்ட். அதே பட்டியலில் எல்88. அதுவும் 427-தான், குதிரைசக்தி 430, விலை 947 டாலர் 90 சென்ட். கணக்குப் போடுங்கள், இரண்டு மடங்குக்கு மேல் பணம் கொடுத்தால் ஐந்து குதிரை குறைவாகக் கிடைக்கும். எந்தப் புத்திசாலி வாங்குவான்? அதுதான் திட்டமே. எல்88 உண்மையில் 500 குதிரைக்கு மேல் தரக்கூடிய பந்தய எஞ்சின், 12.5-க்கு 1 கம்ப்ரெஷன், 103 ஆக்டேன் பெட்ரோல் போடாவிட்டால் எஞ்சின் போய்விடும் என்று காருக்குள்ளேயே எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஜாலியாக ஓட்ட நினைக்கிறவர் இதை வாங்கிவிடக் கூடாது என்றுதான் காகிதத்தில் எண்ணைக் குறைத்துப் போட்டார்கள்.

அதோடு விட்டார்களா? எல்88 வேண்டும் என்றால் ரேடியோ கிடையாது. ஹீட்டரும் கிடையாது. அந்த இல்லாத ஹீட்டருக்கு ஒரு கோடு, சி48. ஹீட்டர் நீக்கம். விலைப்பட்டியலில் அது மைனஸ் குறியோடு வரும், 97 டாலர் 85 சென்ட் கழிவு. யோசித்துப் பாருங்கள், பனி கொட்டுகிற டெட்ராய்ட்டைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி, "இந்தாப்பா உனக்கு ஹீட்டர் இல்லை, உறைந்து போ" என்பதை ஒரு எழுத்து இரண்டு எண்ணில் எழுதி, அதற்குத் தள்ளுபடியும் கொடுத்திருக்கிறது. நான் இந்த வரியை முதல் தடவை படித்தபோது பத்து நிமிடம் சிரித்தேன், என் வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

திட்டம் பலித்தது. 1967-ல் மொத்தம் 20 பேர்தான் எல்88 வாங்கினார்கள். 1968-ல் 80, 1969-ல் 116. அந்த இருபதில் ஒரு சிவப்புக் கார் 2014-ல் ஏலத்தில் போனது 38.5 லட்சம் டாலருக்கு. ஹீட்டர் இல்லாத கார்!

இதில் துப்பறிகிறவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒருத்தர் எல்88 என்று ஒரு 1967 காரைக் காட்டி, டாஷ்போர்டில் அசல் ரேடியோ, பக்கத்தில் ஹீட்டர் நெம்புகோல், எல்லாம் தொழிற்சாலையில் போட்டது என்று பெருமையாகச் சொன்னால், கதை அங்கேயே கிழிந்துவிட்டது. போலி செய்கிறவன் எப்போதும் எதையாவது சேர்ப்பான். பெரிய எஞ்சின் கோடைச் சேர்ப்பான், நாலு கியரைச் சேர்ப்பான். எதை நீக்க வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றாது.

கோடே பெயராகிவிட்ட கதையும் உண்டு. கமாரோ இசட்28. கேட்டாலே ஏதோ போர் விமானம் மாதிரி இருக்கிறதா? அது ஆர்டர் படிவத்தில் ஒரு வரிசை எண், அதே இசட் வரிசையில் இசட்22 என்று ஆர்.எஸ். அலங்காரம் இருந்தது. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் 5 லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற விதிக்காக 302 கன அங்குல எஞ்சின் வைத்துச் செய்தது, 1967-ல் 602 கார், வெளியே இசட்28 என்று ஒரு பேட்ஜ்கூட இல்லை. கார்வெட்டின் இசட்06, இசட்ஆர்1 இரண்டும் இதே சாதி. கோடி கோடியாகச் செலவழித்துப் பெயர் தேடுகிற விளம்பர ஆட்கள் பாவம்.

கோபோ என்று ஒன்று, டாக்ஸிக்கும் போலீஸ் வண்டிக்கும் சிறப்பு ஆர்டர் போடுகிற வழி; அதன் வழியாக 9560 என்ற எண்ணில் 1969-ல் முழு அலுமினிய 427 எஞ்சின் வைத்து 69 கமாரோ வெளியே வந்தது. தனி வீடியோ போடுகிறேன்.

ஜெர்மன்காரர்களைச் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். போர்ஷேயில் எம் எழுத்தோடு மூன்று எண். 1973 கரேரா ஆர்.எஸ். 2.7-ல் எம்471 எடை குறைத்த ஸ்போர்ட், மொத்தம் 200. எம்472 வசதியான டூரிங். எம்491 அப்போது ஆர்.எஸ்.ஆர். என்ற முழுப் பந்தயக் கார். அதே எம்491, 1980-களில், டர்போ மாதிரி அகன்ற உடம்பு, ஆனால் டர்போ இல்லாத எஞ்சின். ஒரே கம்பெனி, ஒரே எண். ஒன்று பந்தய வீரன், இன்னொன்று பந்தய வீரன் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டவன். இப்போது புரிகிறதா, வருடம் ஏன் முக்கியம் என்று?

சரி, வாக்குக் கொடுத்த போலித் தகடு. ஆர்டர் கொடுத்தால் புதுத் தகட்டில் நீங்கள் கேட்கிற கோடையெல்லாம் அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே தகடு பளபளப்பாக இருப்பது ஒரு ஆதாரமே இல்லை. கோடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு துப்பு தருகிறேன். எச்51 என்றால் ஏசி, 1970-ல் ஹெமியோடு ஏசி கேட்டால் தரமாட்டார்கள். வி1எக்ஸ் என்றால் கறுப்பு வினைல் கூரை, அதாவது தகரக் கூரைமேல் ஒட்டுவது. மடங்கும் கறுப்புத் துணிக் கூரைக்கு வி3எக்ஸ்.

[திரையில், கீழ் வரி: ஈ74 டி21 பிஎஸ்27 வி0பி
மேல் வரி: வி1எக்ஸ் எச்51 எம்21 எண்ட்]

1970-ல் ஹெமி குடா கன்வர்ட்டிபிள் மொத்தமே 14 என்பதால், இந்தத் தகடு உண்மை என்று நம்பினால் விற்கிறவர் என்ன விலை சொல்வார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். வீடியோவை இங்கே நிறுத்துங்கள். கண்டுபிடித்ததைக் கீழே எழுதுங்கள், அப்புறம் ஓட விடுங்கள்.

ஆச்சா? ஈ74 ஹெமி என்கிறது, ஆனால் கார் எண்ணில் ஆர் இருக்க வேண்டிய இடத்தில் வி இருக்கிறது, அது 440 எஞ்சினில் மூன்று கார்புரேட்டர் வைத்த ரகம். பிறக்கும்போது இது ஹெமியே இல்லை. 27 என்றால் மடங்கும் கூரை, அதன்மேல் வினைல் எங்கே ஒட்டியிருப்பார்கள் என்று செய்தவரிடம்தான் கேட்க வேண்டும். ஹெமியும் ஏசியும் சேர்ந்து வந்தது மூன்றாவது.

கோடுகள் அகர வரிசையில் இல்லையே என்று நான்காவதாக ஒருத்தர் எழுதுவார், எனக்குத் தெரியும். அது போலி செய்தவன் தப்பு இல்லை ஐயா, ராத்திரி ரெண்டு மணிக்குத் தட்டச்சு செய்த என் தப்பு.