கை மட்டும் வருது பார்!

நடுவர் அவர்களே, எதிரணியே, கொசுக்கடியையும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். படித்த காமிக்ஸையே திரும்பத் திரும்பப் படிப்பது வீணா, சுகமா என்பது தலைப்பு. நான் சுகத்தின் பக்கம்.

எதிரணிப் பேராசிரியை அம்மா ஒரு போடு போட்டார்கள். "முடிவு தெரிந்த கதையைத் திரும்பப் படிப்பது, சாப்பிட்டு மடித்த இலையை மறுபடி விரித்து உட்காருவது மாதிரி" என்றார்கள். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல உவமைதான். ஆனால் அம்மா, இருபத்திரண்டு வருஷமாக அதே பாடத்தை நடத்துகிறேன் என்று நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். எத்தனை தடவை விரித்த இலை அது? அதை விடுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் இருக்கிறதே, விருந்தாளி வந்தால் எடுத்து விரிக்கிறீர்களே, முடிவு தெரியாமலா? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சாருக்கு முதல் பக்கத்திலேயே முடிவு தெரியும்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காமிக்ஸை முதல் தடவை யாரும் பார்ப்பதில்லை, பலூனுக்குள் இருக்கிற வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். படம் கண்ணில் படுவது இரண்டாம் தடவைதான். 1986-இல் வரத் தொடங்கிய 'வாட்ச்மென்' என்கிற ஆங்கிலக் காமிக்ஸ் பன்னிரண்டு இதழ்க் கதை. அதில் ஐந்தாம் இதழின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கண்ணாடி பார்த்த மாதிரி கட்டத்துக்குக் கட்டம் பொருந்தும். நடுப்பக்கம் வரை அப்படியே. அவசரமாகப் புரட்டுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. பின்வரிசையில் கொட்டாவி விடுகிறார்கள், போதும்.

உங்களுக்குத் தெரிந்த ஆளைச் சொல்கிறேன். இரும்புக்கை மாயாவி! பார்த்தீர்களா, நிமிர்ந்து உட்காருகிறீர்கள். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழ். பத்து வருஷத்துக்கு முன்பே இங்கிலாந்தில் 'வேலியன்ட்' வார இதழில் வந்த கதை, படம் போட்டவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அது சிவகாசிக்கு வந்து தமிழ் பேசியது.

எங்கள் அப்பாவும் சிவகாசிதான். ஓர் அச்சாபீஸில் கட்டிங் மெஷின் வேலை. நாளெல்லாம் புத்தகத்துக்கு நடுவில் இருந்த மனுஷனுக்கு எழுத்து தெரியாது. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி வந்த மாயாவியை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கதை சொல்வார், படத்தைப் பார்த்தே. மாயாவிக்குக் கரண்டு பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். "கை மட்டும் வருதே, மீதி ஆள் எங்கேப்பா?" என்று கேட்டேன். அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மீதி ஆள் டீ குடிக்கப் போயிருக்கான். முதலாளி பார்த்தால் சீட்டில் இருக்கிற மாதிரி தெரியணும்ல, அதுக்குக் கையை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான்!"

இருங்கள், அங்கே மைக் சத்தம் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்கிறேன். கை மட்டும் அந்தரத்தில். "மீதி ஆள் எங்கேப்பா?" "டீ குடிக்கப் போயிருக்கான்!" பேராசிரியை அம்மா, கவனித்தீர்களா? முடிவு தெரிந்த பிறகும் சிரிக்கிறார்கள். முதல் தடவையைவிட அதிகமாகவே. நீங்களும்தான்.

அப்புறம் எனக்கு எழுத்து வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தால், அப்பா சொன்னது எதுவுமே அதில் இல்லை! மாயாவி ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிற ஆளாம், அங்கே நடந்த விபத்தில் கை போனதாம். அப்பா சொன்ன கதையில் அவன் கரண்டு வேலைக்காரன். மெஷினில் கை போய்விட்டது. முதலாளி நஷ்டஈடு தரமாட்டேன் என்றுவிட்டார். அதனால் இவன் யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்த் தனக்கு வரவேண்டியதை மட்டும் எண்ணி எடுத்துக்கொள்கிறான். ஒரு ரூபாய்கூட அதிகம் எடுக்கமாட்டான். அப்பா ஏமாற்றிவிட்டார் என்று நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

போன மாதம் மறுபதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பலூன் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. அப்பா சொன்ன கதைதான் ஓடியது. பாதியில் கை நின்றுவிட்டது.

எங்கள் அப்பாவின் வலது கையில் மூன்று விரல்தான் ஐயா. நான் பிறப்பதற்கு முன்பே கட்டிங் மெஷினில் போனது. அதற்கு என்ன கிடைத்தது, கிடைக்கவில்லை என்று வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மூன்று விரலால்தான் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் காட்டுவார். நாற்பது தடவை படித்த கதை, எனக்கு விளங்க ஐம்பது வயதாகிவிட்டது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன் நடுவர் அவர்களே. கடைசிப் பக்கம் வந்ததும் அப்பா புத்தகத்தை மூடித் தலைமாட்டில் வைப்பார். "இப்ப அவனுக்கு ரெண்டு கையும் வேலை செய்யுது. காலையில் வேலைக்குப் போகணும் அவன். நீ தூங்கு."

நன்றி, வணக்கம்.