எங்கெங்கே நிற்கப் போகிறீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம். சென்னைக்காரர் ஒருவர் காரிலேயே மலைக்குப் போய் வந்தேன் என்று சொன்னால், பக்கத்தில் இருப்பவர் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரத்துல போனீங்க?" என்பதுதான். ராத்திரி தாம்பரம் தாண்டினேன், விடியும்போது மேட்டுப்பாளையம் என்பார் இவர். கேட்டவர் அதிலும் அரை மணி குறைத்துத் தன் கணக்கைச் சொல்வார். எனக்கு அந்தக் கணக்கில் ஆர்வமில்லை. எங்கெங்கே நின்றீர்கள் என்றுதான் கேட்பேன். மலைப் பயணத்துக்குத் திட்டம் போடுவது என்றால் நிற்கும் இடங்களை முடிவு செய்வதுதான். ஓட்டுவது தானாக நடக்கும்.

வால்பாறையை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து பொள்ளாச்சியே 500 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் திண்டிவனம் தாண்டும்போது வெளுத்துவிடும். உளுந்தூர்பேட்டைப் பக்கம் இட்லி. பசி வந்த பிறகு ஓட்டல் தேடாதீர்கள். பசித்தவன் கண்ணுக்கு எல்லா ஓட்டலும் நல்ல ஓட்டல்தான். அப்புறம் ஆத்தூர், சேலம், அவிநாசி. நடுநடுவே இறங்கிக் கால் நீட்டி நடந்தால், பொழுது சாயும் நேரத்துக்குப் பொள்ளாச்சி வந்துவிடலாம்.

இங்கேதான் ஆசை வரும். "இன்னும் 64 கிலோமீட்டர்தானே, ஏறிடலாம்." ஏறாதீர்கள். நாற்கரச் சாலையின் 64 வேறு, மலையின் 64 வேறு. மேலே போகப் போக 40 கொண்டை ஊசி வளைவுகள். இருட்டில் ஒரு காட்சியும் தெரியாது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை, யானையும் வரும். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்த கைக்கு ஓய்வும் வேண்டாமா? பொள்ளாச்சியிலேயே படுத்து எழுந்திருங்கள்.

காலையில் ஆழியாறு அணை. சோதனைச்சாவடி தாண்டியதும் ஏற்றம். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். எண்ணும் வேலையைப் பின்சீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடுங்கள். போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தால்தான் வாந்தி வரும், வெளியே பார்த்துக்கொண்டு வந்தால் அவ்வளவாக வராது. ஒன்பதாவது வளைவு வந்ததும் நிறுத்துங்கள். லோம்ஸ் வியூ என்பார்கள். கிளம்பி வந்த ஆழியாறு நீர்த்தேக்கம் கீழே நீலமாகக் கிடக்கும். அங்கே பாறைச் சரிவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். பாறை நிறத்திலேயே ஏதோ அசையும். அதுதான் வரையாடு, நம் மாநில விலங்கு. நிற்காமல் போனவர்களுக்கு அது வெறும் பாறைதான். குரங்குக்கு மட்டும் பிஸ்கட் போடாதீர்கள். கையேந்திப் பழகி நடுரோட்டுக்கு வந்து, வண்டியில் அடிபட்டுச் சாகின்றன.

மேலே கவர்க்கல் பக்கம் பனிமூட்டம் இறங்கிவிடும். விளக்கைத் தாழ்த்திப் போட்டு மெல்லப் போங்கள். நாலு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா, எந்தப் பக்கம் திரும்பப் போகிறது, பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்?

சரி, இறக்கத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை, என் வீட்டில் கேலிகூடச் செய்வார்கள். அந்தச் சாலையில் இறங்கும்போது ஒருமுறை சென்னைப் பதிவெண் கார் ஒன்று ஓரமாக நின்றது. முன்சக்கரத்திலிருந்து புகை, கருகிய நாற்றம். ஓட்டி வந்த பையன் பாட்டில் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றப் போனான். எஸ்டேட் ஜீப்காரர் ஒருவர் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துவிட்டார். "ஊத்தாதே தம்பி, சூட்டுல தண்ணி பட்டா டிஸ்க்கு கோணிக்கும்." அப்புறம் விசாரணை. "ஏறும்போது எந்த கியர்ல ஏறினே?" "செகண்டுண்ணே." "எறங்கும்போது?" பையன் தலையைச் சொறிந்துகொண்டு, "நாலு" என்றான். பெரியவர் வேறெதுவும் சொல்லவில்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, சக்கரம் ஆறும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். அவன் செகண்டு கியரில் கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் ஜீப்பை எடுத்தார்.

ஏறின கியரிலேயே இறங்குங்கள். காரணம் எளிது. பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறி, பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும். எண்ணெய் அமுங்காது, குமிழி அமுங்கும். அதனால் நீங்கள் மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் குமிழியிலேயே தீர்ந்துபோகும், பெடல் தரைவரை போகும். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் தாழ்ந்த கியரைப் பிடித்து வைக்க வழி உண்டு, கிளம்புமுன் பழகிக்கொள்ளுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற கெட்டிக்காரத்தனம் மலையில் வேண்டவே வேண்டாம். எதிரே ஒருவர் ஏறி வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, விதியே அப்படித்தான். திரும்பவும் சொல்கிறேன், ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். ஏலகிரியின் 14 வளைவுகள், கொல்லிமலையின் 70 வளைவுகள் என்று வைத்திருந்தேன், அது இருக்கட்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், வால்பாறைக்கும் வந்துவிட்டது. வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள், மலையில் சிக்னலை நம்ப முடியாது. ஜூன் முதல் செப்டம்பர்வரை வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், மண்சரிவுச் செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திங்கட்கிழமை ஆபீஸ் இருப்பவர்கள் சனிக்கிழமை மதியமே இறங்கி, வழியில் சேலத்தில் தங்கிவிட்டு வாருங்கள். ஞாயிறு ராத்திரி பெருங்களத்தூர் நெரிசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வணக்கம்.