சேலையின் நிறம் படத்திலும் அப்படியே வரவேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டிலிருந்தபடியே சேலை, இட்லிப் பொடி, வத்தல், டெரகோட்டா தோடு, பித்தளைச் சாமான் என்று எதையாவது விற்கிறவர்கள் இன்றைக்குத் தெருவுக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். தனியாகக் கடை கிடையாது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் கடை. கடைக்குப் போனால் சேலையை விரித்துப் பார்க்கலாம், முந்தானையைத் திருப்பிப் பார்க்கலாம், வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் நிறம் பார்க்கலாம். ஸ்டேட்டஸில் வாங்குகிறவருக்கு இதில் எதுவும் கிடையாது, ஒரு படம்தான். அந்தப் படத்தை வீட்டிலேயே, கையில் இருக்கிற போனிலேயே, அதிகம் செலவில்லாமல் நன்றாக எடுப்பது எப்படி என்றுதான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

படம் சரியாக வரவில்லை என்றதும் பலரும் புதுப் போன் வாங்கலாமா, ரிங் லைட் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். இரண்டும் வேண்டாம். ரிங் லைட் முகத்துக்கானது. பட்டுக்கோ பித்தளைக்கோ அதைப் பிடித்தால் பொருளின் மேலேயே வட்டமாக ஒரு பளபளப்பு விழுந்து, பார்ப்பவர் கண் அங்கேயே போய் நிற்கும். ஐந்தாறு வருடப் பழைய போன்கூட இந்த வேலைக்குப் போதும். லென்ஸில் படிந்திருக்கிற எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு எடுங்கள், அதிலேயே பாதி மங்கல் போய்விடும். மீதிக் குறை பெரும்பாலும் வெளிச்சத்தில்தான் இருக்கும்.

வெளிச்சத்துக்கு ஜன்னலைவிட நல்லது எதுவும் இல்லை. ஜன்னல் பொருளுக்குப் பக்கவாட்டில் இருக்கவேண்டும், உங்கள் முதுகுக்குப் பின்னால் அல்ல. பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால்தான் நெசவின் மேடுபள்ளம், பொடியின் குருணை, மண் தோட்டில் கீறிய கோடு எல்லாம் எழும்பித் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நிழல் கருப்பாக விழுமே, அங்கே ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள், நிழல் தணிந்துவிடும். பொருளுக்கு அடியில் வெள்ளை சார்ட் பேப்பரை விரித்து, அதையே மடிக்காமல் வளைத்துப் பின்சுவரில் ஒட்டிவிட்டால் தரையும் சுவரும் சேருகிற கோடு தெரியாது. தெர்மாகோல், சார்ட் பேப்பர் எல்லாம் சேர்த்து 200 ரூபாயைத் தாண்டாது.

வடக்குப் பார்த்த ஜன்னல்தான் நல்லது, அதில் நேர்வெயில் அடிக்காது என்று புகைப்படம் சொல்லித் தருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். குளிர்நாடுகளுக்கு அது பெரும்பாலும் சரி. நம் ஊரில் முழுக்கச் சரியில்லை. சென்னையை எடுத்துக்கொண்டால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப்பொழுதுச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. தெற்கே போகப்போக அந்தக் காலம் இன்னும் நீளும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். அதனால் திசையை மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் வீட்டில் எந்த ஜன்னலில் எந்த நேரம் வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் வருகிறது என்று ஒரு நாள் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்வெயிலைத் தவிர்க்கவே முடியாத வீடா? ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக ஜன்னலில் கட்டிவிடுங்கள், அடிக்கிற வெயில் பரவலான வெளிச்சமாகிவிடும். கலர் துணி மட்டும் வேண்டாம், அந்த நிறம் பொருள்மேல் ஏறிக்கொள்ளும்.

அப்புறம் ஒன்று, இதைப் பலரும் மறக்கிறார்கள்: ஜன்னலோரம் எடுக்கும்போது அறையில் எரிகிற ட்யூப் லைட்டை, பல்பை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சம் ஒரு நிறம், பல்ப் வெளிச்சம் வேறு நிறம். இரண்டும் கலந்தால் ஒரே சேலையின் ஒரு பாதி நீலம் பாய்ந்தும் மறுபாதி மஞ்சள் பாய்ந்தும் வரும், போனுக்கு எதைச் சரிசெய்வதென்றே தெரியாது.

சேலைக்கு வருகிறேன், ஏனென்றால் திரும்பி வருகிற சரக்கில் 'படத்தில் பார்த்த நிறம் இல்லை' என்கிற புகார்தான் எனக்கு அதிகமாகக் காதில் விழுகிறது. மயில்கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாட்டில் ஓடுகிற பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் ஒரு நிறம், நீலமும் பச்சையுமாக. தட்டையாக விரித்து மேலிருந்து ஒரு படம் எடுத்தால் ஒரு நிறம்தான் மேலோங்கி வரும், அதைப் பார்த்து நீலச் சேலை என்று வாங்கினவருக்குப் பச்சை தெரியும்போது ஏமாற்றமாகத்தான் இருக்கும். அந்தச் சேலையை ஜன்னல் பக்கம் கொசுவம் மாதிரி மடித்து வையுங்கள். ஒவ்வொரு மடிப்பும் வெளிச்சத்தைப் பார்த்து வேறுவேறு கோணத்தில் நிற்பதால் மேட்டில் ஒரு நிறமும் சரிவில் இன்னொரு நிறமும் ஒரே படத்தில் விழும். முழுச் சேலைக்கு ஒன்று, கொசுவத்துக்கு ஒன்று, முந்தானையும் பார்டரும் சேர்கிற இடத்துக்குக் கிட்டத்தில் ஒன்று. எடுத்ததும் அதே ஜன்னலில் சேலையையும் போன் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், நிறம் மாறியிருந்தால் எடிட்டிங்கில் போய் அந்த ஒன்றை மட்டும் திருத்துங்கள். ஃபில்டர் போடவே போடாதீர்கள். அரக்கு குங்குமச் சிவப்பாகிவிடும், மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாகிவிடும். 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளிலும், விற்பனைத் தளங்களில் போடுகிற படம் பொருளின் உண்மையான தோற்றத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று இருக்கிறது. விதி ஒருபக்கம் இருக்கட்டும், நிறம் சரியாக வந்து சேர்ந்தால் அந்த வாடிக்கையாளர் அடுத்த தீபாவளிக்கும் உங்களிடமே வருவார்.

வெள்ளைப் பருத்திச் சேலை படத்தில் சாம்பல் பூத்து வருகிறது, கருப்புச் சேலை வெளுத்து வருகிறது என்பார்கள். எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் போன் பார்க்கும், அதுதான் காரணம். திரையில் பொருள்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும். வெள்ளைப் பொருளுக்கு அதைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள், கருப்புக்குக் கீழே இறக்குங்கள். ரொம்பக் கிட்டே போய் எடுக்கவும் வேண்டாம். கிட்டப் போனால் ஊறுகாய் பாட்டில் நடுவில் உப்பித் தெரியும். இரண்டடி தள்ளி நின்று எடுத்துவிட்டு, வேண்டாத ஓரங்களை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். கை நடுங்கினால் போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து டைமரில் எடுங்கள்.

பித்தளைக் குத்துவிளக்குதான் இருப்பதிலேயே கஷ்டம். துலக்கின விளக்கில் விளக்கு தெரியாது; உங்கள் முகம், போன், சீலிங் ஃபேன், கொடியில் தொங்குகிற துண்டு எல்லாம் தெரியும். அதனால் விளக்குக்கு வெளிச்சம் காட்டுவதைவிட அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதில்தான் கவனம் வேண்டும். இரண்டு பக்கமும் மேலேயும் வெள்ளை அட்டையோ வேட்டியோ கட்டி, முன்னால் போன் நுழைகிற அளவுக்கு மட்டும் இடைவெளி விடுங்கள். இப்போது தண்டில் வெள்ளை மட்டும்தான் பிரதிபலிக்கும், அதனால் தண்டின் விளிம்பு பின்னணியோடு கரைந்து போகிற மாதிரி இருக்கும். அங்கேதான் ஒரு சின்ன வேலை: இரண்டு விரல் அகலத்துக்குக் கருப்புத் தாளை வெட்டி, படத்துக்குள் வராமல் இரண்டு ஓரத்திலும் நிறுத்துங்கள். தண்டின் ஓரத்தில் மெல்லிய கருங்கோடு ஓடும், கடைசல் வளையங்கள் ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி தெளிவாக வரும். எடுக்குமுன் துணியால் ஒருமுறை துடைத்து, அதன்பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் ரேகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் படத்தில் தெரியும்.

பகலில் நேரமே கிடைக்காது, பிள்ளைகள் தூங்கினபிறகு இரவில்தான் எடுக்கமுடியும் என்கிறவர்களுக்கு: ஒரே கம்பெனி, ஒரே வகை வெள்ளை எல்இடி பல்ப் இரண்டு போதும், வேறுவேறு நிறம் கலக்காதீர்கள். சில மலிவு பல்புகளில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த பல்ப் நொடிக்கு 100 தடவை மினுக்கும். போனில் ப்ரோ மோட் இருந்தால் ஷட்டரை, அதாவது வெளிச்சம் பதிகிற நேரத்தை, நொடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வையுங்கள், கோடு போய்விடும்.

அளவு தெரிகிற படம் ஒன்று கட்டாயம் வேண்டும். தோடு என்றால் காதில் போட்டு ஒன்று, பாத்திரம் என்றால் கையில் பிடித்து ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எச்டி என்கிற பொத்தானை அழுத்தி அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும். அமேசான் மாதிரித் தளங்களில் போடுவதென்றால் முதல் படம் சுத்தமான வெள்ளைப் பின்னணியில், படத்தின் பரப்பில் 85 சதவீதமாவது பொருள் நிறைந்து இருக்கவேண்டும் என்பார்கள். சார்ட் பேப்பரில் எடுத்த படமே அதற்கு உதவும்.

கைவேலை விற்கிறவர்களிடம் இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். மதுரைச் சுங்குடியில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றின புள்ளி ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. அது குறையாகத் தெரியும் என்று பயந்து தள்ளி நின்று எடுக்கிறார்கள். பக்கவெளிச்சத்தில் நாலு புள்ளி மட்டும் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அச்சடித்த சேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம், விலை ஏன் கூட என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு அந்தப் படத்தையே அனுப்பலாம். வணக்கம்.