ராத்திரி 2.50-க்கு பாப்பா ஏன் முழிச்சா?

[திரையில்: தினசரி காலண்டர்ல கிழிச்ச ஒரு தாள். கை அதைத் திருப்புது.]

இந்தத் தாளைக் கொஞ்சம் கிட்டத்துல காட்டறேன். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் என் கிறுக்கல். 10.20 தூங்கினா. 11.15. 12.05 பால். 2.50. 3.40. 4.30 பால்.

என் பொண்ணுக்கு அப்போ நாலரை மாசம். அம்மா வீட்ல இருந்து திண்டுக்கல்லுக்கு, மாமியார் வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆச்சு. அந்த 2.50-க்கு அவ வீல்னு கத்தினதும் பக்கத்து ரூம்ல லைட் எரிஞ்சுது. அத்தை கதவோரம் வந்து நின்னு, மெதுவா கேட்டாங்க: "பால் பத்தலையோ என்னமோம்மா?"

அவங்க குத்திக்காட்டணும்னு கேக்கல. ஒரு காலத்துல அவங்க மாமியார் அவங்களைக் கேட்டது, அப்படியே வந்துடுச்சு. ஆனா அந்த நேரத்துல அந்த ஒரு வரி எங்க போய்த் தைக்கும்னு பெத்தவங்களுக்குத் தெரியும். இந்த வீடியோ அந்த வரிக்கு, மூணு வருஷம் கழிச்சு, நான் சொல்ற பதில்.

முதல்ல ஒரு விஷயம். "எங்க புள்ள ராத்திரி பூரா தூங்கும்"னு சொல்றாங்களே, ராத்திரி பூரான்னா எத்தனை மணி நேரம்? 1957-ல லண்டன்ல மூர், உக்கோன்னு ரெண்டு பேர் இதை ஆராய்ச்சி பண்ணாங்க. அவங்க வச்ச கணக்கு, நடுராத்திரி 12-ல இருந்து விடியக்காலை 5 வரை. அஞ்சே மணி நேரம்! அந்தக் கணக்குல பாத்தா மூணு மாசத்துல 70 சதவீதக் குழந்தைங்க பாஸ். நாமளோ 9 மணிக்குப் படுக்கப்போட்டுட்டு காலைல 6 வரைக்கும் சத்தமே வரக்கூடாதுன்னு நினைக்கிறோம்.

2018-ல கனடால ஒரு ஆய்வு வந்துச்சு. ஆறு மாசக் குழந்தைகள்ல 38 சதவீதம் பேர் சேர்ந்தாப்ல ஆறு மணி நேரம் தூங்கல. ஒரு வயசுலகூட 28 சதவீதம் பேர் தூங்கல. அவங்க வளர்ச்சில ஏதாவது குறை இருந்துச்சான்னும் பாத்திருக்காங்க. இல்ல. அதனால பக்கத்து வீட்டு அக்கா வந்து கதை சொன்னா, தலையாட்டிட்டு விட்டுடுங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி தூங்காம கிடந்த ராத்திரியெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

[திரையில்: தூங்குற குழந்தையின் முகம். மூடின இமைக்குள்ள கண் உருளுது.]

இப்ப இந்த முகத்தைப் பாருங்க. உதடு சுழிக்குது. லேசா சிரிக்குது, நம்ம வீட்ல சாமி சிரிப்பு காட்டுதுன்னு சொல்வாங்க. அடுத்த நொடி அழப்போற மாதிரி முகம் சுருங்குது. மூச்சு ஒரு சீரா இல்ல. "ங்ங்"னு ஒரு முனகல், காலை ஒரு உதை. முழிச்சுடுச்சுன்னு நினைக்கிறீங்களா? நல்லாத் தூங்கிட்டு இருக்கு. அசையற தூக்கம்னு வச்சுக்கலாம். பிறந்த குழந்தையோட தூக்கத்துல பாதி இந்த மாதிரிதான். நமக்கு அது நாலுல ஒரு பங்குகூட வராது.

இந்தத் தூக்கத்தைக் கண்டுபிடிச்ச கதையே குழந்தைங்ககிட்ட இருந்துதான் ஆரம்பிக்குது. சிகாகோ பல்கலைக்கழகத்துல அசெரின்ஸ்கின்னு ஒரு மாணவர், தூங்குற குழந்தைங்களோட கண்ணிமையவே உக்காந்து பாத்துட்டு இருந்தார். அங்க ஆரம்பிச்ச வேலை, பெரியவங்க கண்ணும் தூக்கத்துல இப்படி உருளுதுங்கிற கண்டுபிடிப்புல போய் முடிஞ்சுது. 1953-ல அவரும் அவர் பேராசிரியர் கிளைட்மேனும் சேர்ந்து அதை வெளியிட்டாங்க.

நான் பண்ணின பெரிய தப்பு இங்கதான். முனகல் கேட்டதும் பாய்ஞ்சு தூக்கிடுவேன். தூங்கிட்டிருந்த புள்ளைய நானே எழுப்பிவிட்டுட்டு, "ஏன்டி முழிச்ச?"ன்னு கேட்டிருக்கேன். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் கைய கட்டிட்டுப் பாருங்க. நிஜமாவே முழிச்சிருந்தா சத்தம் ஏறிக்கிட்டே போகும். தூக்கமா இருந்தா அடங்கிடும். இன்னொரு சோதனையும் இருக்கு. குழந்தையோட கைய மெல்லத் தூக்கி விடுங்க. ஈரத்துணி மாதிரி தொப்புன்னு விழுந்தா ஆழ்ந்த தூக்கம், கீழ படுக்க வைக்கலாம். விரலை மடக்கி விறைப்பா வச்சிருந்தா இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்.

இப்ப காலண்டர் தாளுக்கு வாங்க. 10.20, 11.15, 12.05. நடுவுல எவ்வளவு இடைவெளி? 55 நிமிஷம், 50 நிமிஷம். அப்புறம் 2.50, 3.40, 4.30. மறுபடியும் அம்பது அம்பது. ஒரு வாரத் தாளைத் தரையில பரப்பி வச்சுப் பாத்தப்போ எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. பசிக்கு இப்படி மணி அடிச்சாப்ல வரத் தெரியுமா?

தூக்கம் ஒரே நீளமான கயிறு இல்ல. சுத்துச் சுத்தா ஓடும். பெரியவங்களுக்கு ஒரு சுத்து சுமார் 90 நிமிஷம். குழந்தைங்களுக்கு 50-ல இருந்து 60. ஒவ்வொரு சுத்து முடியறப்பவும் தூக்கம் மேல வந்து ஒரு தடவை எட்டிப்பாக்கும். நீங்களும் முழிக்கிறீங்க. தலகாணியத் திருப்பிப் போடுவீங்க, போர்வைய இழுப்பீங்க, காலைல ஞாபகம் இருக்காது.

அப்ப எல்லாக் குழந்தையும் முழிக்குதா? 1979-ல தாமஸ் ஆண்டர்ஸ்ங்கிற மனநல மருத்துவர், குழந்தைங்க தூங்குறதை வீடியோ எடுத்துப் பாத்தார். "எங்க குழந்தை முழிக்கவே முழிக்காது"ன்னு பெத்தவங்க சொன்ன குழந்தைங்களும் ராத்திரியில முழிச்சிருக்கு. கொஞ்ச நேரம் சும்மா கிடந்து, விரலைச் சப்பிட்டு, திரும்பத் தூங்கியிருக்கு. இன்னொரு வகைக் குழந்தைங்க கூப்பிட்டிருக்கு. வித்தியாசம் அவ்வளவுதான். அதனால நாம கேக்க வேண்டியது ஏன் முழிச்சுதுன்னு இல்ல. முழிச்சதும் ஏன் நம்மளைக் கூப்பிட்டுதுன்னுதான்.

[திரையில்: ரயில் ஜன்னல். வெளியே விழுப்புரம் ஜங்ஷன் பலகை.]

சென்னையில இருந்து தெற்க போற ராத்திரி ரயில்ல அப்பர் பெர்த்ல தூங்கியிருக்கீங்களா? வண்டி ஓடறப்போ அந்தத் தடதடப்புல நல்லாத் தூக்கம் வரும். விழுப்புரத்துல நிக்கும். நின்னதும் முழிப்பு வந்துடும்! சத்தம் வந்து எழுப்பல, சத்தம் நின்னதுதான் எழுப்புச்சு. வண்டி கிளம்பினதும் திரும்பக் கண்ணை மூடிடுவோம்.

என் பொண்ணுக்கு விழுப்புரம் அவளோட தூளி. அவ அப்பா ஸ்பிரிங் தூளிய அரை மணி நேரம் ஆட்டுவார். தூங்கினதும் ஆட்டம் நிக்கும். 50 நிமிஷம் கழிச்சு அவ எட்டிப்பாக்கறப்போ வண்டி நிக்குது. வண்டிய எடுங்கடான்னு கத்தறா. மடியில தூங்கி மெத்தையில கண் முழிக்கிற குழந்தைக்கும், மார்ல சப்பிக்கிட்டே தூங்கி வெறும் வாயோட முழிக்கிற குழந்தைக்கும் இதே கதைதான். தூங்கறப்போ இருந்தது முழிக்கிறப்போ காணோம்.

தூளி கெட்டதுன்னு நான் சொல்லல. எங்க வீட்ல நாங்க மாத்தினது ஒண்ணே ஒண்ணு. முழுசாத் தூங்கறதுக்கு முன்னாடி, கண் சொருகற நேரத்துல ஆட்டத்தை நிறுத்தி, பாய்ல படுக்கப்போட்டுத் தட்டிக் குடுத்தோம். முதல் நாலு நாள் மகா ரகளை. எல்லாக் குழந்தைக்கும் இது பலிக்கும்னும் இல்ல.

நாலு மாசத்துல இது ஏன் திடீர்னு மோசமாகுது? கைக்குழந்தை தூங்க ஆரம்பிக்கிறதே அந்த அசையற தூக்கத்துலதான். மூணு மாசத்துக்கு அப்புறம் அது மாறி, நம்மள மாதிரி முதல்ல அமைதியான தூக்கத்துக்குள்ள போகப் பழகுது. மூளை வளருது, தூக்கத்தோட அமைப்பே மாறுது. எங்க வீட்ல இடம் மாறினது, கண்ணு பட்டதுன்னு ரெண்டு காரணம் சொல்லி, உப்பு மிளகாய் சுத்திப் போட்டாங்க. போட்டா போடட்டும், நெடி குழந்தைகிட்ட வராம இருந்தாச் சரி.

பசியே காரணம் இல்லையான்னு கேப்பீங்க. நிச்சயமா உண்டு. தாய்ப்பால் சீக்கிரம் செரிக்கும், பவுடர் பாலைவிட வேகமா வயித்தை விட்டுப் போயிடும். முதல் மாசங்கள்ல ரெண்டு மணி, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பசிக்கிறது இயல்பு. பால் சுரக்க வைக்கிற புரோலாக்டினும் ராத்திரிலதான் தூக்கலா இருக்கும். ஆக ராத்திரிப் பால் குடுக்கறது அடுத்த நாள் பாலுக்கும் சேர்த்துத்தான்.

பால் பத்துதா பத்தலையான்னு தூக்கத்தை வச்சுச் சொல்ல முடியாது. மூத்திரத்தை எண்ணுங்க. முதல் வாரம் தாண்டின குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது, நிறம் அதிகம் இல்லாம, போகணும். அப்புறம் எடை. பிறந்த எடை அஞ்சு மாசம் வாக்குல ரெண்டு மடங்காகும். என் பொண்ணு பொறந்தப்போ 2.8 கிலோ. 14 வாரத் தடுப்பூசிக்குப் போனப்போ 5.4. அந்தத் தடுப்பூசி கார்டை அடுத்த நாள் காலைல அத்தைகிட்ட காட்டினேன். கண்ணாடிய மாட்டிட்டு ரெண்டு தடவை படிச்சாங்க. பதில் சொல்லல. ஆனா சாயங்காலம் பூண்டு குழம்பு வச்சிருந்தாங்க, எதுக்கும் இருக்கட்டும்னு.

"ராத்திரி கொஞ்சம் கஞ்சி குடுத்தா கல்லு மாதிரி தூங்கும்"னு இன்னொரு யோசனை வரும். 1989-ல அமெரிக்காவுல படுக்கப் போறதுக்கு முன்னாடி அரிசிக் கூழ் குடுத்துப் பாத்தாங்க. தூக்கம் கூடல. அப்புறம் இங்கிலாந்துல மூணு மாசத்துலயே திட உணவு ஆரம்பிச்ச குழந்தைங்களை வச்சு ஒரு பெரிய ஆய்வு. 2018-ல முடிவு வந்துச்சு. அந்தக் குழந்தைங்க ராத்திரிக்கு அதிகபட்சமா ஒரு 16 நிமிஷம் கூடத் தூங்குச்சு. 16 நிமிஷத்துக்காக உலக சுகாதார நிறுவனம் சொல்ற ஆறு மாசத் தாய்ப்பால் கணக்கைக் கலைக்கணுமா? நான் கலைக்கல. தேன் தடவுறது, ஒரு வயசு வரைக்கும், வேண்டவே வேண்டாம். பாட்டுலிசம்னு ஒரு நஞ்சு நோய் வரலாம்.

ராத்திரி பகல் தெரியாத குழந்தைக்கு வேற காரணம். வயித்துல இருந்த வரைக்கும் அம்மாவோட மெலடோனின் ஹார்மோன்தான் அதுக்குக் கடிகாரம். வெளிய வந்ததும் சொந்தக் கடிகாரம் ஓட ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் பகல்ல ஜன்னலைத் திறந்து வைங்க, ராத்திரி பால் குடுக்கறப்போ ஜீரோ வாட்ஸ் பல்ப் போதும். ட்யூப் லைட் வேண்டாம், போன் வெளிச்சமும் வேண்டாம். ராத்திரித் தாய்ப்பால்ல மெலடோனின் இருக்கு, பகல் பால்ல அனேகமா இல்ல.

மத்ததெல்லாம் வேகமா. கரண்ட் போய் ஃபேன் நின்னா முழிக்கும், கழுத்து மடிப்புல வேர்க்குரு இருந்தா முழிக்கும். சின்னக் குழந்தை திடுக்குன்னு ரெண்டு கையையும் விரிச்சு முழிக்கிறது மோரோ அனிச்சை, நாலஞ்சு மாசத்துல போயிடும். தவழக் கத்துக்கிற நாள்ல ராத்திரி எழுந்து முட்டி போட்டுப் பழகும். எட்டு ஒம்பது மாசத்துல அம்மா கண்ணுல படலேன்னா அம்மா வேற எங்கேயோ இருக்கான்னு புரிய ஆரம்பிக்கும். புரிஞ்சதுனாலதான் அழுகை.

[திரையில்: மல்லாந்து படுத்திருக்கும் குழந்தை. தலகாணி இல்ல.]

இந்தப் பகுதிய மட்டும் வேகமா ஓட்டாதீங்க. குப்புறப் போட்டா குழந்தை அசையாமத் தூங்கும், உண்மைதான். லேசுல எழுந்திரிக்காது. ஆபத்தே அதுதான். 1992-ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், குப்புறப் படுக்க வைக்காதீங்கன்னு சொல்லுச்சு. பத்து வருஷத்துக்குள்ள, தூக்கத்துல காரணம் தெரியாம குழந்தை இறக்கிறது அங்க பாதியாக் குறைஞ்சது. மூச்சுக்கு ஏதாவது தடங்கல் வந்தா குழந்தையக் காப்பாத்தறது அந்த முழிப்புதான். அதனால மல்லாக்க, சமமான, கெட்டியான படுக்கை. முகத்துகிட்ட தலகாணி, பஞ்சுப் பொம்மை எதுவும் வேண்டாம். தூளில தாடை நெஞ்சுல மடங்கி மூச்சு இழுக்கக் கஷ்டப்படலாம், அதுல விட்டுட்டு வேற ரூமுக்குப் போகாதீங்க.

எதுக்கு உடனே டாக்டர்? மூணு மாசத்துக்கு உள்ள 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல். பச்சையா வாந்தி. மூச்சு வாங்குது, விலா உள்ள இழுக்குது. பால் குடிக்க மறுக்குது, மூத்திரம் குறைஞ்சுபோச்சு. தூக்கினாலும் அடங்காத அழுகை. குறட்டை விடுதுன்னா அவசரம் இல்ல, ஆனா காட்டுங்க.

[திரையில்: இன்னொரு காலண்டர் தாள்.]

இது அவளோட பத்தாம் மாசம். 9.30 தூங்கினா. 1.20. அவ்வளவுதான், அன்னைக்கு வேற எதுவும் எழுதல. அந்த 1.20-க்கு முனகல் கேட்டு நான் கால் கீழ வச்சுட்டேன். அத்தை அவ பக்கத்துலதான் படுத்திருந்தாங்க. இருட்டுல என் கையப் புடிச்சு இழுத்து, "சும்மா இரும்மா, அவ இன்னும் முழிக்கல"ன்னாங்க.