முதலில் ஆசிரியர் செய்து பார்க்கட்டும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் நடத்தும் ஆசிரியர்களை எப்படித் தயார்செய்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள். இதில் நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்ல ஒன்றுமில்லை. நம் நாட்டிலேயே முப்பது ஆண்டுகள் நடந்து காட்டிய ஒரு முயற்சி இருக்கிறது.

1972-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் அது தொடங்கியது. கிஷோர் பாரதி, பிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள், மாநில அரசின் அனுமதியோடு 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் சோதனைகள் வழியாகவே கற்பிக்க ஆரம்பித்தன. 1978-இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் அது பரவியது. பிறகு, 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு பொறுப்பேற்றுக்கொண்டது. பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து சோதனை செய்வார்கள், கண்டதை எழுதுவார்கள், அதை வைத்து விவாதிப்பார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்த்தே எழுதலாம்.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாடநூலையும் சோதனைப் பெட்டியையும்தான் பெரும்பாலும் புகழ்வார்கள். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது அங்கே ஆசிரியர்களுக்குக் கொடுத்த பயிற்சி. கோடை விடுமுறையில் மூன்று வாரம், அதுவும் மூன்று ஆண்டுகள். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்ய வேண்டிய சோதனையை ஆசிரியரும் குழுவில் உட்கார்ந்து தன் கையால் செய்ய வேண்டும். டெல்லி பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் வந்த அறிவியலாளர்கள் அவர்களோடு சேர்ந்து விவாதித்தார்கள்.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறோம். சுடர் அணைகிறது, டம்ளருக்குள் தண்ணீர் ஏறுகிறது. ‘ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதற்கு இதுவே சான்று’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம்.

அந்த விளக்கம் தவறு. அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்தி ஏற்றிப் பாருங்கள். டம்ளர் அதேதான், உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறும். சுடரின் சூட்டில் காற்று விரிந்து, டம்ளரைக் கவிழ்க்கும்போதே ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சில நேரம் விளிம்போரம் குமிழி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுடர் அணைந்ததும் மிச்சமுள்ள காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சுடர் அணையும்போது ஆக்சிஜனில் பெரும்பகுதி உள்ளேயேதான் இருக்கிறது. எரிந்த ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறியிருக்கிறதே தவிர, காணாமல் போய்விடவில்லை.

இதை விரிவுரையில் கேட்ட ஆசிரியர் மறுநாள் மறந்துவிடலாம். மூன்று மெழுகுவர்த்தி ஏற்றித் தானே பார்த்தவர், பக்கத்தில் இருப்பவரோடு ‘எப்படி ஏறும்?’ என்று மல்லுக்கட்டியவர் மறக்கமாட்டார். அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, ‘மிஸ், ரெண்டு மெழுகுவத்தி வச்சா என்ன ஆகும்?’ என்று கேட்டால் அவர் ‘உட்காரு’ என்று சொல்லமாட்டார். ‘எனக்கும் தெரியலப்பா, வச்சுப் பார்ப்போம்’ என்பார். அப்படிச் சொல்லும் துணிச்சல் வாயால் போதித்து வருவதில்லை.

நம் தமிழ்நாட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவரே தமிழ், கணக்கு, அறிவியல் எல்லாம் நடத்துகிறார். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் ஆசிரியர் பட்டயப் படிப்பில் சேரலாம். வரலாறோ வணிகவியலோ எடுத்தவர் பத்தாம் வகுப்புக்குப் பிறகு அறிவியலைத் தொட்டிருக்கமாட்டார். அது அவர் குறையல்ல. அவருக்கு ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரு துண்டு ஒயர் கொடுத்து, எரியவைக்கச் சொல்லி அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். பட்டதாரிகளே இதில் திணறுவார்கள். பல்பில் இரண்டு இடத்தைத் தொட வேண்டும் என்பது படத்தைப் பார்த்து மட்டும் மனதில் பதியாது.

தொழில்நுட்பம் என்றால் ஸ்மார்ட் போர்டு என்றே பலர் நினைக்கிறார்கள். சைக்கிள் செயினும், அடிபம்புக்குள் இருக்கும் வால்வும் தொழில்நுட்பம்தான். அரவிந்த் குப்தா என்ற பொறியாளர் 1978-இல் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத் போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்து வடிவியல் உருவங்கள் செய்யும் முறையை அங்கேதான் உருவாக்கினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தப் பொருள்கள் எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

ஹோஷங்காபாத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

இங்கே தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கினார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோதனை செய்துகாட்டக் கருத்தாளர்கள் பள்ளிக்கே வருகிறார்கள். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் கருத்தாளர் கிளம்பிப் போன பிறகும் அறிவியல் பாடவேளை உண்டு. அவர் சோதனை செய்யும்போது வகுப்பாசிரியரும் கூடவே கையை வைக்க வேண்டும்; அந்த நேரத்தில் அவரை வேறு பதிவேட்டு வேலைக்கு அனுப்பக்கூடாது.

ஹோஷங்காபாத்தில் கோடைப் பயிற்சியோடு விட்டுவிடவில்லை. மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடினார்கள். எந்தச் சோதனை சரியாக வரவில்லை, பிள்ளைகள் என்ன கேட்டார்கள், அடுத்த பாடத்துக்கு என்ன வேண்டும் என்று பேசித் தீர்த்துக்கொண்டார்கள். நம்மிடமும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் சுற்றறிக்கை வாசிப்பதையும் படக்காட்சி போடுவதையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அடுத்த மாதப் பாடத்தின் சோதனைகளை ஆசிரியர்கள் தாங்களே செய்து பார்க்க ஒரு முழு முற்பகலை ஒதுக்கும்படி கல்வி அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பொருள் வாங்கப் பெரிய செலவு ஆகாது.

நன்றி. வணக்கம்.