ஏலத்தில் ஜெயித்தவரைக் காணவில்லை

வணக்கம். இன்றைக்கு என் முகத்தைப் பார்க்க வேண்டாம், எனக்குப் பின்னால் இருக்கும் அலமாரியைப் பாருங்கள். மேல்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி பிடித்துவைத்த பிள்ளையார் போல உட்கார்ந்திருக்கிறது, தெரிகிறதா? உள்ளே பழைய பிலிம் கேமரா ஒன்று. குமிழ் உறை சுற்றி, மூலைகளுக்கு அட்டையால் முட்டுக்கொடுத்து, டேப் ஒட்டி எல்லாம் தயார். முகவரிச் சீட்டு மட்டும் ஒட்டவில்லை. ஏலம் முடிந்து இன்றோடு ஒன்பது நாள். ஜெயித்தவர் பணம் கட்டவில்லை. நான் அனுப்பிய இரண்டு செய்திகளும் கிணற்றில் போட்ட கல்.

பணம் கைக்கு வருமுன் பெட்டி கட்டியது என் அவசரம். அதை விட்டுவிடுங்கள். இந்த ஒன்பது நாளில் நான் செய்த பெரிய தவறு வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இணையத்தில் ஏலம் விடுகிற எல்லோருக்கும் இது ஒருமுறையாவது நடக்கும். நடந்தவுடன் வருவது கோபம். முதல்முறை எனக்கு நடந்தபோது மூன்றாம் நாள் ராத்திரியே உட்கார்ந்து நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். "வாங்க எண்ணமில்லாதவர் எதற்குக் கேட்டீர்கள்? புகார் கொடுப்பேன்" என்றெல்லாம். காலையில் பதில் வந்தது. அவர் அந்த வாரம் நான் விட்ட இன்னும் இரண்டு ஏலங்களிலும் கேட்டுக்கொண்டிருந்தாராம். மூன்றும் முடிந்ததும் சேர்த்துப் பணம் கட்டினால் அனுப்பும் செலவு ஒன்றாகப் போகுமே என்று காத்திருந்திருக்கிறார். அன்றே முதல் பொருளுக்கு மட்டும் பணம் கட்டினார். மற்ற இரண்டிலும் அதன்பிறகு கேட்கவே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதனால் இப்போது முதல் செய்தி மிகச் சிறியது. "வணக்கம். நீங்கள் ஏலத்தில் எடுத்த கேமரா தயாராக இருக்கிறது. பணம் செலுத்துவதில் ஏதாவது சிக்கல் இருந்தால் சொல்லுங்கள். வேறு பொருள்களோடு சேர்த்து அனுப்ப வேண்டுமானாலும் தெரிவியுங்கள்." அவ்வளவுதான். மிரட்டல் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். வங்கி அட்டை மறுக்கப்பட்டவர், அனுப்பும் செலவைப் பிறகு பார்த்துத் திகைத்தவர், ஒரே மாதிரிப் பொருளுக்கு நான்கு இடத்தில் கேட்டுவிட்டு இரண்டில் ஜெயித்து விழிப்பவர் என்று ஆட்கள் பலவிதம். இந்தச் சின்னச் செய்திக்கு இவர்களில் பெரும்பாலோர் பதில் எழுதிவிடுவார்கள். "மன்னிக்கவும், எனக்கு வேண்டாம்" என்று நேராகச் சொல்பவரைக்கூட நான் மதிக்கிறேன். அவர் என் நேரத்தைத் திருப்பித் தருகிறார்.

பதிலே எழுதாதவர்களில் நிறையப் பேர் சூட்டில் கேட்டவர்கள். கடைசி ஒரு நிமிடத்தில் இரண்டு பேர் மாறி மாறி ஏற்றும்போது பொருள் மறந்துபோகும், எதிராளிதான் கண்ணில் நிற்பான். இது இணையம் கொண்டுவந்த நோய் இல்லை. கி.பி. 193இல் ரோமாபுரியின் மெய்க்காவல் படையினர் பெர்டினாக்ஸ் என்ற சக்கரவர்த்தியைக் கொன்றுவிட்டு, அரியணையை ஏலம் விட்டார்கள். சுல்பிசியானஸ் என்பவர் படைவீரன் ஒருவனுக்கு 20,000 செஸ்டர்ஷியஸ் என்ற ரோம நாணயம் வரை வந்தார். டிடியஸ் ஜூலியானஸ் ஒரேயடியாக 5,000 ஏற்றிக் கேட்டு, சாம்ராஜ்யத்தையே எடுத்துவிட்டார். சொன்னபடி கொடுக்க அவரிடம் பணம் இல்லை என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் ஹெரோடியன் எழுதிவைத்திருக்கிறார். 66 நாளில் ஆட்சியும் போயிற்று, தலையும் போயிற்று. நம் தளங்களில் அதிகபட்சம் கணக்கில் ஒரு கரும்புள்ளி விழும், அவ்வளவுதான்.

வேண்டுமென்றே பணம் தராதவர்களும் உண்டு. 2009 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் சீனாவின் பழைய கோடைக்கால அரண்மனையிலிருந்து கொள்ளைபோன எலித் தலை, முயல் தலை என்ற இரண்டு வெண்கலச் சிற்பங்கள் வந்தன. சாய் மிங்சாவ் என்ற சீனச் சேகரிப்பாளர் தொலைபேசி வழியாகக் கேட்டு ஜெயித்தார். இரண்டும் சேர்த்து 3 கோடி யூரோவுக்கு மேல். பிறகு, பணம் தரமாட்டேன், ஒரு சீனனாக என் கடமையைச் செய்தேன் என்று அறிவித்துவிட்டார். விற்பனை முறிந்தது. 2013இல் அந்தச் சிற்பங்கள் சீனாவுக்கே அன்பளிப்பாகத் திரும்பின. அவ்வளவு பெரிய ஏல நிறுவனத்துக்கே ஜெயித்தவரிடமிருந்து பணத்தைக் கறக்க முடியவில்லை என்றால், மேசையில் கேமரா துடைத்துக்கொண்டிருக்கும் நான் எம்மாத்திரம்? நியாயம் யார் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த விஷயத்தில் எனக்கு இரண்டு பக்கமும் மனம் போகிறது.

நம் விஷயத்துக்கு வருகிறேன். பணத்தைக் கறக்க முயலாதீர்கள். கடிகாரம் ஓடட்டும். ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் வாங்கியவருக்கு நான்கு நாள் அவகாசம். அது தாண்டியபிறகு விற்பவர் அந்த விற்பனையை ரத்துசெய்யலாம். ரத்துசெய்யும்போது காரணம் கேட்கும், அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். "வாங்கியவர் பணம் செலுத்தவில்லை" என்பதையே தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் அவர் கணக்கில் அது பதிவாகும், விற்பனைக் கட்டணமும் உங்களுக்குத் திரும்பும். நல்லமனத்தோடு "பொருள் கையிருப்பில் இல்லை" என்று போட்டீர்களானால் குறை உங்கள் கணக்கில் ஏறும். அடுத்தவர் செய்ததற்கு நாம் தண்டம் கட்டுவது எதற்கு?

அந்தப் பதிவு ஏன் முக்கியம் என்றால், விற்பவர் கையில் வேறு ஆயுதம் இல்லை. ஒருகாலத்தில் விற்பவரும் வாங்கியவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் நல்லதோ கெட்டதோ எழுதலாம். நீ என்னைத் திட்டினால் நான் உன்னைத் திட்டுவேன் என்று அது பழிவாங்கலாகப் போனது. விற்பவருக்குப் பயந்து வாங்கியவர்கள் உண்மையை எழுதவில்லை. 2008இல் ஈபே விதியை மாற்றியது: வாங்கியவரைப் பற்றி விற்பவர் நல்லது மட்டுமே எழுத முடியும். வாங்குபவர் என்ற முறையில் எனக்கு அது பிடித்த மாற்றம். ஆனால் அதன் நிழலையும் பாருங்கள். வாங்குபவர் ஒருவரின் பக்கத்தில் நூற்றுக்கு நூறு நற்சான்று இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? ஒன்றுமில்லை. கெட்டதை எழுத வழியே இல்லாத இடத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான்.

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். பெட்டிக்குரிய அந்த மனிதரின் பக்கம் பளபளவென்று இருந்தது. வருடக்கணக்கான கணக்கு, எத்தனையோ நற்சான்று. இவரா பணம் கட்டாமல் போவார் என்று ஐந்தாம் நாள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் ஒன்பதாம் நாள் வரை உட்கார்ந்திருந்தேன். விதி எனக்குத் தெரியும். தெரிந்தும்தான்.

சரி, ரத்துசெய்தாயிற்று. அடுத்து? எல்லோரும் கையைக் காட்டுவது ஒரே திசையில்: அடுத்தபடியாகக் கேட்டவருக்குக் கொடு. தளமே அதற்கு ஒரு பொத்தான் வைத்திருக்கும். நானும் பல வருடம் யோசிக்காமல் அழுத்தியிருக்கிறேன். இங்கே கொஞ்சம் நில்லுங்கள், இன்று நான் பேச வந்ததே இதைத்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். மூன்று பேர் கேட்கிறார்கள். முதலாமவர் மனத்தில் 100 வரை போகலாம் என்றிருக்கிறது. இரண்டாமவருக்கு 90, மூன்றாமவருக்கு 60. அலகு எதுவாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தம் உச்சத்தொகையைப் போட்டுவைக்கிறார்கள், தளம் அவர்களுக்காக ஒன்று ஒன்றாக ஏற்றுகிறது. முதலாமவர் 91க்கு ஜெயிக்கிறார். பிறகு காணாமல் போகிறார். நீங்கள் இரண்டாமவரிடம் போய் "90க்கு உங்களுக்கே" என்கிறீர்கள்.

அவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனத்தில் ஓடும் கேள்வி இது: அந்த முதலாமவர் வரவே இல்லை என்றால் எனக்கு இது எவ்வளவுக்குக் கிடைத்திருக்கும்? 61. மூன்றாமவரைத் தாண்ட அது போதும். பணம் தராத ஒருவர் நடுவில் நின்று 29 ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார், அதை இவர் கட்ட வேண்டுமா?

வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் 1961இல் இந்த வகை ஏலத்தைப் பிரித்து எழுதினார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜெயித்தவர் தம் தொகையைக் கொடுக்காமல் அடுத்தவரின் தொகையைக் கொடுத்தால், யாரும் தம் உண்மையான மதிப்பைத் தயங்காமல் சொல்லலாம் என்பது அவர் கண்டது. அழகான கணக்கு. ஆனால் அது நிற்பது ஒற்றைக் காலில்: ஜெயித்தவர் பணம் தருவார் என்பது. அந்தக் கால் முறிந்தால், உண்மையைச் சொன்ன இரண்டாமவர்தான் மாட்டிக்கொள்கிறார். தம் உச்சத்தொகை என்னவென்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே!

இதைவிட மோசமானது ஒன்றுண்டு. விற்பவரே சொந்த ஆளை வைத்துக் கேட்கச்சொல்லி விலையை ஏற்றுவது பழைய மோசடி. அந்த ஆள் தவறிப்போய் ஜெயித்துவிட்டால் என்ன நடக்கும்? "ஜெயித்தவர் பணம் தரவில்லை, உங்களுக்குத் தருகிறேன்" என்று அடுத்தவருக்குச் செய்தி போகும். நான் யோக்கியமாக அனுப்பும் செய்தியும் எழுத்துக்கு எழுத்து அதேதான். அவர் என்னைச் சந்தேகப்படாமல் வேறு என்ன செய்வார்?

"அவரே 90 தருவதாகச் சொன்னவர்தானே" என்று போன காணொளியில் ஒருவர் கேட்டிருந்தார். சட்டப்படி பார்த்தால் சரி. ஆனால் நான் வாங்குகிற பக்கத்திலும் இருந்திருக்கிறேன். அப்படி ஒரு செய்தி வந்தால் எனக்கு உள்ளே சுருக்கென்றிருக்கும். அதனால் என் வழக்கம் இதுதான். ஏல வரலாற்றைத் திறந்து பார்ப்பேன். ஜெயித்தவரின் உச்சத்தொகை மறைந்திருக்கும், மற்றவர்கள் கேட்டது தெரியும். பணம் தராதவரைக் கழித்துவிட்டு விலை எங்கே நின்றிருக்கும் என்று பார்த்து, அதற்குக் கொஞ்சம் மேலே சொல்வேன். விலையை மாற்ற முடியாமல் அவரது உச்சத்தொகையிலேயே தளம் பூட்டிவைத்திருந்தால் அனுப்பும் செலவை நான் ஏற்பேன், இல்லையென்றால் மறுபடி ஏலத்துக்கு விடுவேன். ஒரு விற்பனையில் கொஞ்சம் குறையும்தான். அப்படி வாங்கியவர்களில் சிலர் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள்.

ஒரு நிமிடம், இந்த விளக்கு கண்ணைக் கூசுகிறது, நகர்த்திக்கொள்கிறேன். ம், இப்போது சரி.

பணம் கட்டாதவர்கள் வராமல் தடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். பாதி முடியும். அனுப்பும் செலவை விவரத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். உடனே பணம் கட்டினால்தான் விற்பனை என்ற வசதி நிலையான விலைக்கு இருக்கிறது. நல்ல பொருள், விலை தெரிந்த பொருள் என்றால் ஏலத்துக்கே போகாமல் அப்படி விற்பதுதான் நிம்மதி. பணம் கட்டாத பதிவு உள்ளவர்களைக் கேட்கவிடாமல் தடுக்கும் அமைப்பு இருந்தால் போட்டுவையுங்கள். ஆனால் நற்சான்று எதுவும் இல்லாத புதியவர்களை மொத்தமாக ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். எல்லோரும் சுழியத்தில்தான் தொடங்கினோம். என்னை ஏமாற்றியவர் பழையவர், பளபளப்பானவர்.

பணம் தராதவர் ஒருவகையில் சாது. தருவதுபோல் நடிப்பவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். "காசோலையில் கூடுதலாக எழுதிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்" என்று ஒருவர் சொன்னால், அனுப்பாதீர்கள். வங்கிக் கணக்கில் தொகை தெரிந்தாலும் அந்தக் காசோலை பிறகு திரும்பிவிடும், நீங்கள் அனுப்பியது மட்டும் திரும்பாது. "பணம் வந்துவிட்டது, பொருளை அனுப்பியதும் விடுவிப்போம்" என்று மின்னஞ்சல் வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், நீங்களே தனியாக உங்கள் கணக்குக்குள் போய்ப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் எங்கேயும் இல்லை.

சரி, இந்தப் பெட்டியின் கதையை முடித்துவிடுகிறேன். இன்று காலை விற்பனையை ரத்துசெய்துவிட்டு, அடுத்தபடியாகக் கேட்டவருக்கு எழுதினேன். நியாயமான விலை, எல்லாக் கணக்கையும் விளக்கி, மரியாதையாக. அரைமணியில் பதில். "நன்றி. நேர்மையாகச் சொன்னது பிடித்திருந்தது. மூன்று நாள் முன்புதான் வேறொருவரிடம் இதே கேமராவை வாங்கினேன்."

மூன்று நாள். ஐந்தாம் நாள் எழுதியிருந்தால் இந்தப் பெட்டி இந்நேரம் அவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

இன்று சாயங்காலமே மறுபடி ஏலத்துக்கு விடப்போகிறேன். பழைய படங்களையே போட்டால், "போனமுறை விற்றதே, ஏன் திரும்பி வந்தது, கோளாறா" என்று கேட்பார்கள். அதனால் புதிதாகப் படம் எடுத்து, ஷட்டர் சரியாக விழும் ஓசையையும் பதிவுசெய்து, ஜெயித்தவர் பணம் கட்டாததால் மறுவிற்பனை என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். ஜன்னல் வெளிச்சம் இன்னும் அரைமணி இருக்கும். அதற்குள் இவ்வளவு டேப்பையும் அறுக்க வேண்டும். கத்தரிக்கோலை எங்கே வைத்தேன்?