காற்றில் காயும் எண்ணெய்

வணக்கம் நேயர்களே. பழந்தமிழில் ஆளி என்றால் சிங்கத்தை ஒத்த ஒரு விலங்கு. இன்று நாம் பேசப்போவது ஆளி விதை, இந்திக்காரர்களின் அல்சி. இந்தச் செடியின் நாரைச் சணல் என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். சணல் வேறு செடி. ஆளி நாரில் நெய்வது லினன். எகிப்திய மம்மிகளைச் சுற்றிய துணி அதுதான். லத்தீனில் இச்செடிக்கு லீனம் என்று பெயர். லினன், லினோலியம் (தரையில் ஒட்டும் ஒருவகை விரிப்பு) இரண்டும் அதில் பிறந்த சொற்கள். மேற்காசியாவில் உழவு தொடங்கிய காலத்திலேயே இது பயிராகிவிட்டது.

விதையின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் எண்ணெய். அதில் பாதிக்கு மேல் ஒமேகா-3 வகைக் கொழுப்பைச் சேர்ந்த ஆல்பா லினோலெனிக் அமிலம். இது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எளிதில் கூடும். ஆளியின் அருமையும் தொல்லையும் அந்த ஒரு குணத்தில்தான்.

முழு விதையை மெல்லாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். பொடித்தால்தான் பலன். ஆனால் பொடித்ததுமே காற்று பட்டுக் காறல் தொடங்கும். ஆகவே சிறிதளவே பொடித்து, இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் மூன்று மேசைக்கரண்டி நீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், முட்டை வெள்ளைக்கரு போல வழுவழுக்கும். கேக்கில் ஒரு முட்டைக்கு ஈடாக மாவைப் பிணைக்கும், உப்பச் செய்யாது. நீரை உறிஞ்சிக்கொள்ளும் பண்டம் என்பதால், போதிய நீர் குடிக்காமல் தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். எண்ணெயோ பொரிக்க ஆகாது, சீக்கிரம் புகைந்துவிடும்.

காறலுக்குக் காரணமான அதே குணம் மரவேலையில் வரம். இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. ஆக்சிஜனோடு கூடி இறுகுகிறது. ஓவியர்களின் எண்ணெய் வண்ணம் காய்வதும் இப்படித்தான். துணியில் தொட்டு, மரத்தின் இழையோட்டத்திலேயே மெல்லப் பூசுங்கள். இருபது நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதை ஒட்டத் துடையுங்கள். தடிமனாகப் பூசினால் மேலே ஆடை படிந்துவிடும்; அடியில் காற்றுப் புகாமல் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். சீக்கிரம் காய்வதற்கென்று கடையில் விற்கும் ‘பாயில்டு’ எண்ணெயில் பெரும்பாலும் உலோக உப்புகள் கலந்திருக்கும். அது வாயில் படக்கூடாது.

துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது எழும் வெப்பம் மடிப்புக்குள் சிக்கி ஏறிக்கொண்டே போகும். சில மணி நேரத்தில் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில் மடிப்பில்லாமல் விரித்து, விறைக்கும்வரை காயவிடுங்கள். இடமில்லையா? மூடியுள்ள தகர டப்பாவில் நீர் நிரப்பி அதில் முக்கி வையுங்கள்.